கூலியும் கிருபையும்

புத்தகம் இரவல் கொடுக்கிறவனுக்கு இரண்டு நஷ்டங்கள் உண்டு. புத்தகம் திரும்பி வராமற் போவது ஒன்று. திரும்பி வரும்போது கூடவே ஓர் அபிப்பிராயமும் வந்து சேர்வது மற்றொன்று. முதல் நஷ்டம் எனக்குப் பழகிவிட்டது. இரண்டாவது நஷ்டம் ஒன்றைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

சரவணம்பட்டியில் சத்தி ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் ஒரு டீக்கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, ஒரு பாய்லர், இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். நடத்துகிறவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், கணவரை இழந்தவர், கிறிஸ்தவர். சோளக்காடாகவும் கிணற்றுத் தோட்டமாகவும் இருந்த ஊர் இது. 2011ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டிடங்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. அந்தக் கட்டிடங்களில் வேலை செய்கிறவர்களும், அவற்றைக் கூட்டிப் பெருக்குகிறவர்களும், காவல் காக்கிறவர்களும் அந்த அம்மாளின் கடைக்கு வருகிறார்கள். காலை பத்து மணி வரைக்கும், மாலை நாலு மணிக்கு மேலும் அவருக்குத் தலை நிமிர நேரமிராது. இடைப்பட்ட வேளையில் ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பார். அவர் பிறந்தது வால்பாறையில், தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் தெரிந்தது. உடனே, எழுத்தாளனுக்கே உரிய அவசரத்தோடு, 'எரியும் பனிக்காடு' நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து, பழைய காலண்டர்த் தாளில் சுற்றிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்காருங்க சார். ரெண்டு நாள் ராத்திரி அழுதுட்டேன். ஆனா எங்க அம்மாயி மட்டும் இதுல இல்லீங்க" என்றார்.

அவருடைய அம்மாயி அந்த மலையிலே கொழுந்து கிள்ளியவள்.

"காச்சலும் குளுரும் பட்ட பாடும் எல்லாம் நெசந்தானுங்க. அம்மாயியும் ரெண்டு புள்ளைகளைப் பறிகுடுத்தவதான். ஆனா அது கொழுந்து கிள்ளறதைப் பாக்கோணுமுங்க. கை போறது கண்ணுக்குத் தெரியாது. சாகற வரைக்கும், 'என் கைக்கு ஈடா அந்த மலையில ஒருத்தி இருந்தாளா'ன்னு கேட்டுட்டே இருந்துச்சு. அந்தப் பெருமை இதுல எங்கீங்க சார்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கேள்வியும் கூடவே வந்தது. இந்த நாவலைப் பற்றிப் படித்தவர்கள் எழுதியதை நானும் படித்திருக்கிறேன். இவ்வளவு நேராகக் கையை வைத்துக் காட்டிய விமரிசனம் ஒன்றும் எனக்கு நினைவில் வரவில்லை.

நாவலை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். டாக்டர் பால் ஹாரிஸ் டேனியல் 1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்தவர். பழைய தொழிலாளர்களிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'ரெட் டீ' 1969ல் வெளிவந்தது. தமிழுக்கு அது வந்து சேர 38 வருஷம் ஆயிற்று. கோவையைச் சேர்ந்த இரா. முருகவேள் 2007ல் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் அதை மொழிபெயர்த்தார். திருநெல்வேலிச் சீமையின் மயிலோடைக் கிராமத்துக் கருப்பனும் அவன் மனைவி வள்ளியும், ஒரு மேஸ்திரியின் வாய்ப்பேச்சையும் அவன் கொடுக்கும் முன்பணத்தையும் நம்பி மலை ஏறுகிறார்கள். ஏறிய பிறகு இறங்க வழியில்லை. முன்பணம் கடனாகிறது, கடன் கூலியைத் தின்கிறது, மலேரியா ஆளைத் தின்கிறது. இது கதைக்காகக் கட்டிய சோகம் அல்ல. முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டுப் போனால் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் ஒன்று 1859 முதல் இந்தியாவில் இருந்தது. 1925ல்தான் அதை நீக்கச் சட்டம் செய்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு வீடும் வைத்தியமும் கொடுத்தாக வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 1951ல்.

நாவலில் ஆப்ரஹாம் என்ற டாக்டர் வருகிறார். நோயோடும், நோயைப் பொருட்படுத்தாத நிர்வாகத்தோடும் அவர் மல்லுக்கு நிற்கிறார். 2013ல் இந்தக் கதையை ஆதாரமாக வைத்துப் பாலா எடுத்த 'பரதேசி' படத்தில் இந்த டாக்டர் வேறொரு ஆளாகிவிட்டார். மருந்துப் பெட்டியோடு மதப் பிரசாரமும் ஆட்டமும் பாட்டுமாக வந்து இறங்குகிறார். அதனால் சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வந்தது கோபம் அல்ல, வருத்தம். தெய்வத்தின் பெயரைச் சொல்லாமலே தன் வேலையைச் செய்வதன் மூலம் விசுவாசத்தைக் காட்டும் ஒரு மனிதனை நாவல் நமக்குக் கொடுத்திருந்தது. திரைக்கு அது போதவில்லை. ஏழைக்கும் கிறிஸ்தவத்துக்கும் நடுவில் பிரசங்கத்தைத் தவிர வேறு உறவு இருக்க முடியும் என்று நம்ப நம்மவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது போலும்.

ஆனால் டீக்கடை அம்மாளின் குறை அதுவல்ல. டேனியல் உண்மையைச் சொல்லவில்லை என்று அவர் சொல்லவில்லை. வைத்தியர் ஒருவர் ஒரு மலை நிறைய மனிதர்களைப் பார்த்தால் என்ன பார்ப்பாரோ, அதை டேனியல் பார்த்திருக்கிறார். காய்ச்சலைப் பார்த்தார், சோகை பிடித்த கண்களைப் பார்த்தார், குழந்தைகளின் சாவைப் பார்த்தார். நாவலின் பலம் முழுவதும் அதிலேதான் இருக்கிறது. ஆனால் வைத்தியரிடம் வரும்போது மனிதன் தன் வேலையை விட்டுவிட்டு வருகிறான், நோயாளியாக வருகிறான். அம்மாயி காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தால் டேனியல் அவளைத் தவற விட்டிருக்கமாட்டார். கூடையை முதுகிலே மாட்டிக்கொண்டு அவள் நிரையிலே நின்றபோது என்னவாக இருந்தாள் என்பது அவர் கண்ணுக்கு எட்டவில்லை.

டேனியலை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை. பல வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய ஒரு நாவலில் ஒரு மில் தொழிலாளி வருகிறான். வாசகர்கள் அவனுக்காக இரக்கப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். அந்த அம்மாளின் பேச்சைக் கேட்ட அன்று இரவு அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். முந்நூறு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட அவன் ஸ்பின்னிங் பிரேமுக்கு முன்னால் நிற்கவில்லை. அறுந்த இழையை ஒரு தரமாவது ஒட்டவில்லை. சங்கு ஊதுகிறது, அவன் போகிறான். சங்கு ஊதுகிறது, அவன் வருகிறான். வந்து, வறுமையில் வாடுகிறான். நான் அவனுக்குக் கடன் கொடுத்திருக்கிறேன், காசநோய் கொடுத்திருக்கிறேன், குடிகார அண்ணனைக் கொடுத்திருக்கிறேன். ஒரு தொழிலைக் கொடுக்க மறந்துவிட்டேன். என் சிநேகிதர்களில் பாதிப்பேர் மில்லில் வேலை செய்தவர்கள். தங்கள் கை வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். அதை நான் கேட்டிருக்கிறேன். எழுதும்போது மட்டும் அது கதைக்கு உதவாத விஷயமாகத் தோன்றியிருக்கிறது.

வறுமை என்பது ஒருவனிடம் இல்லாததன் கணக்கு. வேலை அவனிடம் இருப்பது. இல்லாததை மட்டும் எழுதினால் ஆள் எப்படி உருவாகும்? இரக்கம் உண்டாகும். இரக்கத்துக்கு ஆள் தேவையில்லை. ஒரு நிழல் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் எனக்கு உதவிக்கு வந்தவர் இலக்கிய விமரிசகர் அல்ல, ஒரு பொருளாதார நிபுணர்: ஜே. சி. குமரப்பா. 1892ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் அந்தத் தொழிலை நடத்தி, பிறகு அமெரிக்கா போய்க் கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்துவிட்டு 1929ல் திரும்பினார். அந்த வருஷமே காந்தியைச் சந்தித்தார். கோட்டும் சூட்டும் போயின. குஜராத்தில் மாதர் தாலூகாவில் ஊர் ஊராகப் போய்க் கிராமத்து வரவு செலவைக் கணக்கெடுத்தார். 1934ன் கடைசியில் ஏற்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். 1942 போராட்டத்தைத் தொடர்ந்து ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு புத்தகங்களை எழுதினார். ஒன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றது இயேசுவின் வாழ்க்கையையும் போதனையையும் பற்றியது. இரண்டும் 1945ல் வெளிவந்தன. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். இவ்விரண்டையும் தனித்தனிப் புத்தகங்களாகப் பார்ப்பது தவறு என்பது என் அபிப்பிராயம். ஒரே மனிதன், ஒரே அறைக்குள், ஒரே கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் கேட்டிருக்கிறான்: மனிதன் எதற்காக உழைக்கிறான்?

கிறிஸ்தவ வேதத்தில் இதற்கு இரண்டு பதில்கள் இருப்பதாகத் தோன்றும். ஆதாம் தவறு செய்த பிறகு, வேர்வை சிந்தித்தான் சாப்பிட வேண்டும் என்று தண்டனை பெறுகிறான் அல்லவா? ஆகவே உழைப்பு ஒரு சாபம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கதையைச் சற்று முன்னாலிருந்து வாசிக்க வேண்டும். தவறு நேர்வதற்கு முன்னமே, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுந்தான் அவன் அங்கே வைக்கப்பட்டான். வேலை முதலில் வந்தது. முள்ளும் வேர்வையும் பின்னால் வந்தன. இயேசு தச்சு வேலை செய்தவர். பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் சந்நியாசிகளுக்கு விதி வகுத்தபோது, ஜபத்துக்கு நேரம் ஒதுக்கியது போலவே கைவேலைக்கும் நேரம் ஒதுக்கினார். உழைப்பு சாபமல்ல, உழைப்பிலே வந்து சேர்ந்த ஏதோ ஒன்றுதான் சாபம் என்பது இந்த மரபின் நல்ல பகுதி.

அந்த 'ஏதோ ஒன்று' எது என்பதைக் குமரப்பா பிரித்துக் காட்டுகிறார். ஒவ்வொரு வேலையிலும் சலிப்பைத் தரும் பகுதி ஒன்றும், மனிதனை வளர்த்து மகிழ்ச்சி தரும் பகுதி ஒன்றும் உண்டு. இரண்டும் சேர்ந்திருக்கும்வரை வேலை நல்லது. உடம்புக்கு உணவு எப்படியோ, மனிதனின் உயர்ந்த சக்திகளுக்கு வேலை அப்படி. பலமுள்ளவன் இதை இரண்டாகப் பிளந்து, இனிப்பைத் தான் வைத்துக்கொண்டு சலிப்பை இன்னொருவன் தலையில் கட்டுகிறான். அடிமைத்தனத்துக்கும் சாம்ராஜ்யங்களுக்கும் விதை அதுதான் என்பது அவர் கட்சி. உணவையும் வேலையையும் ஒப்பிட்ட இந்தக் கருத்தை ஷூமாக்கர் தம்முடைய 'சிறியதே அழகு' என்ற 1973ஆம் வருஷத்துப் புத்தகத்தில் எடுத்தாண்டார். பௌத்தப் பொருளாதாரம் என்ற அத்தியாயத்தில் தஞ்சாவூர்க் கிறிஸ்தவர் ஒருவர் சாட்சி சொல்கிறார்! நல்ல கருத்துக்கு ஞானஸ்நானச் சீட்டு யாரும் கேட்பதில்லை.

இந்த அளவுகோலை ஆனைமலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கொழுந்து கிள்ளும் வேலையிலிருந்து இனிப்பான பகுதியை முழுக்கப் பிரித்துக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். சலிப்பும் அட்டைக்கடியும் லயத்தில் தங்கின. டேனியல் எழுதியிருப்பது அந்தத் திருட்டின் கதை. ஆனால் அத்தனையும் திருடு போன பிறகும், அந்த அம்மாயி ஏதோ கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். எந்தத் துரைக்கும் கணக்கில் அகப்படாமல், தன் விரல்களின் வேகத்தில், அவள் ஒரு மகிழ்ச்சியை மிச்சம் பிடித்திருக்கிறாள். அதை எழுதியிருந்தால் திருட்டு சிறிதாகத் தோன்றுமோ? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதைத் திருடினார்கள் என்று அப்போதுதான் நன்றாகத் தெரிந்திருக்கும்.

இதிலே ஓர் அபாயமும் இருக்கிறது. கூலிக்காரி தன் வேலையில் பெருமைப்படுகிறாள் என்றால் முதலில் சந்தோஷப்படுகிறவன் முதலாளிதான். உழைப்பே தெய்வம் என்று எழுதிய பலகைகள் பல ஆலைகளில் தொங்குகின்றன. கூலி கேட்டால் அந்தப் பலகையைக் காட்டலாம். மதமும் இதற்கு விலக்கல்ல. எங்கள் கொங்கு நாட்டில் பழைய வீடுகளின் தலைமேல் இருப்பது மங்களூர் ஓடு. அந்த ஓட்டுக்குப் பின்னால் ஒரு கிறிஸ்தவக் கதை உண்டு. மேற்குக் கரையில் கிறிஸ்தவத்தில் சேர்ந்தவர்களைச் சாதியார் ஒதுக்கினார்கள். வேலையும் நிலமும் போயின. அவர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்று பாசல் மிஷன்காரர்கள் நெசவுச்சாலை வைத்தார்கள். 1865ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். பிச்சை போடாமல் தொழில் கொடுத்தார்களே, அது பெரிய காரியம். ஆனால் கூலி கொடுக்கும் கையும் வேதம் கொடுக்கும் கையும் ஒன்றாகிவிட்டால், கூலி போதாது என்று ஒருவன் யாரிடம் போய்ச் சொல்லுவான்? முதலாளியோடு சண்டை போடலாம். மேய்ப்பனோடு எப்படிச் சண்டை போடுவது? உழைப்பை மதிக்கிற ஒரு சமயம் உழைக்கிறவனின் வாயையும் மதித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது மேஸ்திரியின் கட்சிதான்.

டீக்கடைக்குத் திரும்பி வருகிறேன். அந்த அம்மாள் போகிற சபையில் கிறிஸ்துமஸ் சமயத்தில் விதவைகளுக்கு அரிசிப் பை கொடுப்பது வழக்கம். கணவர் இறந்த வருஷம் இவர் பெயரையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இவர் வேண்டாம் என்றிருக்கிறார். போதகர் நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளாமல் காரணம் கேட்டிருக்கிறார். "அரிசி குடுக்கறதுக்குப் பதிலா, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நீங்க எல்லாரும் குடிக்கிற டீயை எங்கிட்ட வாங்குங்க ஐயா. காசு குடுத்து வாங்குங்க" என்றாராம். அப்படியே ஏற்பாடாயிற்று. இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது அம்மாயியின் பெருமைதான் என்று ஊகிக்கிறேன். தாயாதி சொத்து போல அது இறங்கி வந்திருக்கிறது.

இந்தச் சம்பவத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் வாசகர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். வேலை கொடு, தானம் கொடுக்காதே என்ற நீதி கிடைத்திருக்கும். அந்த நீதி பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இயேசு சொன்ன உவமைகளில் மிகவும் சங்கடமானது திராட்சைத் தோட்டத்து உவமை. தோட்டக்காரன் விடியற்காலையில் ஒரு நாள் கூலி பேசிச் சிலரை அழைத்துப் போகிறான். பிறகு பகலிலும், பிற்பகலிலும், பொழுது சாயும் நேரத்திலுங்கூடப் போய், சந்தைவெளியில் நிற்கிறவர்களை அழைத்து வருகிறான். கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி. காலையிலிருந்து வெயிலில் வாடியவர்கள் முணுமுணுக்கிறார்கள். எந்தத் தொழிற்சங்கத்துக்கும் எந்த முதலாளிக்கும் ஒத்துவராத கணக்கு இது. ரஸ்கின் 1860ல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளுக்கு இந்த உவமையிலிருந்துதான் பெயர் எடுத்தார். 1904ல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போன ரயிலில் காந்தி அதை ஓர் இரவு முழுக்கப் படித்தார். 1908ல் குஜராத்தியில் சுருக்கி எழுதி 'சர்வோதயம்' என்று பெயர் வைத்தார். குமரப்பா போய்ச் சேர்ந்த பாதை அங்கேதான் தொடங்குகிறது.

உவமையில் பலர் கவனிக்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு. பொழுது சாயும் வரை ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். கோவையில் காலை நேரத்தில் சில நாற்சந்திகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கொத்து வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் ஆள் எடுக்க வருகிறவர்களை எதிர்பார்த்து ஒரு கூட்டம் நிற்கும். நம் ஊர்க்காரர்களும் நிற்பார்கள். பீகாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்தவர்களும் நிற்பார்கள். திடகாத்திரமானவர்கள் முதலில் போய்விடுவார்கள். பத்து மணிக்கு மேலும் சிலர் நிற்பார்கள், சோற்றுப் போசியைக் கையில் பிடித்தபடி. வயதானவர்கள், ஒல்லியானவர்கள், ஒரு கை சற்று விளங்காதவர்கள். அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வேலையின் மகத்துவத்தைப் பற்றி அவர்களிடம் யார் பேசுவது?

வேலை மனிதனை ஆளாக்குகிறது என்பது உண்மை. வேலை கிடைக்காதவனும் ஆள்தான் என்பதும் உண்மை. முதலாவதைக் கூலி என்றும் இரண்டாவதைக் கிருபை என்றும் வைத்துக்கொண்டால், இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டிருக்கிற சிரமந்தான் கிறிஸ்தவம் வறுமையைப் பற்றிச் சொல்ல வந்த விஷயம் என்று எனக்குப் படுகிறது. கிருபையை விட்டுவிட்டால் கங்காணியின் தராசு மிஞ்சும். கூலியை விட்டுவிட்டால் அரிசிப் பை மிஞ்சும்.

நாவலில் இதைச் செய்தவர்கள் உண்டா? எங்கள் பக்கத்து நாவல்களில் உழைப்புக்குப் பஞ்சமில்லை. ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942ல் வந்தது. காடும் வேலையும் அந்தக் கதையின் மூச்சாகவே இருக்கின்றன. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000த்தில் வந்தது. பண்ணையத்துக்கு ஆடு மேய்க்கும் சிறுவர்களின் நாள் முழுவதையும் அவர்கள் வேலையை வைத்தே சொல்கிறது. ஆனால் நான் தேடியது கூலியும் கிருபையும் மோதிக்கொள்ளும் ஒரு கதையை. அது கிடைத்தது கொங்கு நாட்டில் அல்ல, தென்கோடியில்: ஹெப்ஸிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964.

பனைவிளைகளுக்கு நடுவே ஒரு பழைய கிறிஸ்தவக் குடும்பம். சொத்து கரைந்துகொண்டிருக்கிறது, பெருமை கரையவில்லை. அந்த வீட்டுப் பெண் லிஸி; அவர்கள் விளையில் பனை ஏறுகிறவனின் மகன் தங்கராஜ். இரண்டு பேர் குடும்பமும் ஒரே சாதி, ஒரே கோவில், ஒரே வேதம். ஆனால் மரம் வைத்திருப்பவன் வேறு, மரம் ஏறுகிறவன் வேறு. பனையின் பதநீரிலும் கருப்பட்டியிலும் உடம்பு வளர்த்த வீடு, அந்தப் பனையில் ஏறுகிற காலைக் கேவலமாக நினைக்கிறது. குமரப்பாவின் கிராமக் கைத்தொழில் சங்கம் பனை வெல்லத்துக்காக எவ்வளவோ பாடுபட்டது. கரும்புக்கு நல்ல நிலம் போகாமல் தானியத்துக்கு மிஞ்சும் என்று கணக்குச் சொன்னது. ஏறுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற கணக்கு அந்த அறிக்கைகளில் எங்கே வரும்? அதைக் கேட்க ஒரு நாவலாசிரியை வேண்டியிருந்தது.

நாவலில் எவரும் உழைப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. ஒரு பெண் ஒரு பனையேறி மகனை மணக்கலாமா கூடாதா என்பதுதான் கதை முழுவதும். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே எல்லாம் இருக்கிறது. பனையேற்றை மதிக்காத வரை, கோவிலில் ஒரே பாயில் முழங்காலிட்டுப் பிரயோசனம் இல்லை. தங்கராஜை அவன் வேலையை மட்டும் வைத்து அளக்கிற வரை, அவன் ஆள் என்பதும் தெரியப்போவதில்லை. லிஸி அவனை இரக்கத்தால் விரும்பவில்லை. புரட்சிக்காகவும் விரும்பவில்லை. அவனை அறிந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஹெப்ஸிபா அம்மையாரும் அந்த மக்களை அப்படியே அறிந்திருக்கிறார். நாவலைப் பெரிய அலங்காரமில்லாமல், ஊர்ப் பேச்சிலே, சின்னதாக எழுதியிருக்கிறார். கடைசியில் கல்யாணம் நடக்கிறது. அதை வாசித்தபோது, காலையிலிருந்து உழைத்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த தோட்டக்காரனை நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கதை வீட்டுக்குள்ளிருந்து, லிஸியின் ஜன்னல் வழியாகத்தான் பனையைப் பார்க்கிறது. மரத்தின் உச்சியில், பாளையைச் சீவும் நேரத்தில், தங்கராஜின் தகப்பன் மனத்தில் என்ன இருந்தது என்று நாம் அறியமாட்டோம். வீட்டுக்குள் அடைபட்ட பெண்ணின் கதை என்பதால் அது நியாயமான எல்லைதான். அந்த எல்லைக்கு அப்பால் உள்ள கதையை இனி யாராவது எழுத வேண்டும். ஒரு மில் தொழிலாளியை முந்நூறு பக்கம் பிரேமுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்தவன் இதைச் சொல்ல லாயக்கில்லை என்றாலும் சொல்கிறேன்.

'புத்தம் வீடு' இப்போது டீக்கடையில் இருக்கிறது. சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், அதே காலண்டர்த் தாளில் அட்டை போட்டு வைத்திருக்கிறார். இரண்டு மாதமாகிறது. நேற்றுக் கேட்டேன்.

"பாதி ஆச்சுங்க சார். அந்தப் புள்ளைக்கு என்ன ஆகுமோன்னு பயமா இருக்குது. மெதுவாத்தான் படிக்கிறேன்" என்றார்.

பாய்லர் கொதித்துவிட்டது. நாலு மணிக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. அவர் வடிகட்டியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார். டீயை ஆற்றும்போது கை போவது கண்ணுக்குத் தெரியவில்லை.